நாலாம் தீடை

தலைமன்னார் இறங்குதுறையை விட்டுப் படகு கிளம்பும்போது கைத்தொலைபேசியில் இரண்டு கோடு இருந்தது. வெளிச்சவீடு பின்னால் போய்ச் சிறிதாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கோடு ஒன்றானது. பிறகு அதுவும் போனது. அழைப்பு வரவில்லை.

என் தங்கை சுவேதினியும் அவளுடைய ஆறு வயது மகள் றொஷேலும் செவ்வாய்க்கிழமை இரவு கள்ளமாகக் கடலேறியவர்கள். புதன் விடியும்போது இந்தியப் பக்கம் இறங்கியிருக்க வேண்டும். இன்று வியாழன். நேற்று மாலை மண்டபம் அகதி முகாமிலிருந்து அவள் கணவன் துஷாந்தன் எனக்கு அழைப்பு எடுத்தான். ஊரில் மண்ணெண்ணெயும் பால்மாவும் இல்லாமல் போன ஏப்ரல் மாதமே அவன் முதல் ஆளாகப் போய்விட்டான்.

"மச்சான், அவையள் இன்னும் வரேல்லை."

"வந்திருப்பினம். விசாரணை எண்டு எங்கயாவது வச்சிருப்பாங்கள்."

"இஞ்ச எல்லாரிட்டையும் கேட்டிட்டன். இண்டைக்கு ஒரு படகும் வரேல்லை எண்டுதான் சொல்லுறாங்கள். நீங்கள் அங்க ஆரையும் விசாரிச்சனியளோ?"

"இல்லை."

"விசாரிக்காதேங்கோ" என்றான். அவன் மூச்சை இழுப்பது கேட்டது. யார் வைத்தது என்று தெரியாமல் தொடர்பு அறுந்தது.

விசாரித்தால் தகவல் பரவும். பரவினால் கடற்படை தேடும். தேடினால் பிடிபடுவார்கள். இதை அவன் சொல்ல வேண்டியதில்லை. யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லிப் பிழைத்த சனம் நாங்கள். வேறு ஆயுதம் எங்களிடம் இருக்கவில்லை. எனக்கு அது இயல்பாகவே கைவந்தது. வேலை செய்யும் கந்தோரில் என்னை ஊமைப் பஸ்ரியன் என்பார்கள். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் நானும் சுவேதினியும் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். செவ்வாய் இரவு அவள் படலையைத் திறந்துகொண்டு போனபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையின் தலையைத் தடவினேன். அவ்வளவுதான்.

நான் பறவை எண்ணுகிறவன். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே கடலில் வரிசையாகக் கிடக்கும் மணல்தீடைகளில் வருடா வருடம் ஆலாக்கள் முட்டையிடும். அந்தக் கூடுகளை எண்ணிக் கணக்குக் கொடுப்பது என் வேலை. அங்கே போகக் கடற்படையின் அனுமதி வேண்டும். அனுமதியோடு கூடவே ஒரு கடற்படைக்காரரும் வருவார். இந்த முறை வந்தவர் விஜேகோன். ஐம்பது வயது இருக்கும், தொப்பை விழுந்த, அமைதியான மனிதர். மடியில் வானொலிக் கருவி, பக்கத்தில் தேநீர்ப் போத்தல். படகு ஓட்டியவன் தலைமன்னார் யேசுதாசன்.

"நேவி எண்ணெயில ஓடுறதால எஞ்சின் இண்டைக்கு எவ்வளவு மரியாதையா நடக்குது பாத்தியளே, பஸ்ரியன் அண்ணை?" என்றான் யேசுதாசன். "எங்கட எண்ணெய் எண்டால் இதுக்குள்ள நாலு தரம் இருமியிருக்கும்."

"என்ன சொல்றது மல்லி?" என்று விஜேகோன் கேட்டார். சிங்களத்தில் தம்பிக்கு மல்லி, ஐயாவுக்கு மாத்தயா.

"ஒண்டுமில்லை மாத்தயா. எஞ்சின் உங்களுக்கு நன்றி சொல்லுது."

"எஞ்சின் சொல்லட்டும். நீ பாத்து ஓட்டு."

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று இன்னும் முழுதாக எழும்பவில்லை. படகு அலையில் அறைந்து அறைந்து போனது. ஒவ்வோர் அறைக்கும் என் கண் தண்ணீரில் எதையோ தேடியது. ஒரு செருப்பு, ஒரு பை, ஒரு துணி. மிதந்து வந்தது ஒரு வெறும் கலன். படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மஞ்சள் நிறம், பழையது, பாசி பிடித்தது. பல மாதம் கடலில் கிடந்தது. விஜேகோன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் தீடையில் இறங்கும்போது ஏழரை. தீடையில் ஓர் ஆள் மட்டும்தான் இறங்க வேண்டும். அது நான் போட்ட சட்டம். இரண்டு பேர் நடந்தால் முட்டை இரண்டு மடங்கு உடையும். யேசுதாசன் படகை இடுப்பளவு தண்ணீரில் நங்கூரமிட்டான். நான் தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆலா வந்தவனின் ஆக உயரமான இடத்தைத்தான் கொத்தும். தடி இருந்தால் தடியைக் கொத்தும்.

நான் நடக்க நடக்க அவை எழும்பின. ஆயிரக்கணக்கில், வெள்ளையாய், கத்திக்கொண்டு. என் தலைக்கு மேலே ஒரு சுழல் போல நின்றன. நான் நகர்ந்தால் சுழலும் நகர்ந்தது. பின்னால் நான் விட்டுவந்த இடங்களில் அவை உடனே இறங்கி முட்டைமேல் அமர்ந்தன. கால் மணி நேர வெயில் போதும், மூடாத முட்டை உள்ளேயே வெந்துவிடும். ஆகையால் நான் நிற்பதில்லை.

நடுவில் ஒரு தரம் தண்ணீர் குடிக்கப் படகருகே வந்தபோது விஜேகோன் கேட்டார்.

"பக்கத்தில பக்கத்தில எவ்வளவு கூடு. சண்டை வராதா?"

"ஒவ்வொரு கூட்டுக்கும் எல்லை இருக்கு. ஒரு கொத்துத் தூரம். அதைத் தாண்டி வந்தால் பக்கத்துக் குருவியையும் கொத்தும்."

"சொந்த ஆளையுமா?"

"ஓம். குஞ்சு வழிதவறி அடுத்த கூட்டுக்குப் போனாலும் கொத்தும். சில நேரம் செத்துப்போகும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "குஞ்சு எதிரி இல்லையே."

"அதுக்குத் தெரியாது. உள்ளுக்கு வந்தது எண்டு மட்டும்தான் தெரியும்."

"அது பாவம்" என்றார் விஜேகோன். பிறகு, யாரோ தன்னைக் குற்றம் சொன்னதுபோல, "ஆனா அப்பிடி இல்லாட்டி எல்லாம் முட்டையும் போகும் தானே" என்றும் சொன்னார்.

நான் தடியை எடுத்துக்கொண்டு மறுபடி கரைக்கு நடந்தேன்.

பத்து மணிக்கு எண்ணி முடிந்தது. படகில் ஏறி உப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். விஜேகோன் தேநீரை மூடியில் ஊற்றி நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ரியன் மாத்தயா, அங்கயும் ஒரு பஸ்ரியன் எண்ணுறாரா?"

யேசுதாசன் சிரித்தான். நான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த தீடை ஒரு கிலோமீற்றர் தள்ளி வெயிலில் கோடுபோலக் கிடந்தது. அதன் நடுவே ஆலாக்கள் எழும்பி நின்றன. மேலே அகலமாய், கீழே ஒடுங்கி, ஒரே இடத்தில். சற்று முன்னால் என் தலைக்கு மேலே நின்ற அதே சுழல்.

"பருந்து" என்றேன். என் வாய் எனக்கு முன்னால் சொல்லிவிட்டது. "முட்டை தின்ன வந்திருக்கும்."

அவர் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "பருந்து தெரியல்ல."

"கீழ இருந்து தின்னுது."

"ம்." தொலைநோக்கியை வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்தார். பிறகு இடத்தை எழுதினார். 4 என்று எழுதி வட்டம் போட்டார்.

"அது என்ன நாலு?" என்றேன்.

"இது மூணு. அது நாலு. நாலாம் தீடை."

"எங்க இருந்து எண்ணுறது?"

"தலைமன்னாரில இருந்து தான். வேற எங்க இருந்து எண்ணுறது?" என்று அவர் சிரித்தார்.

தேநீர் மூடி என் கையில் இருந்தது. அது சுட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் துஷாந்தன் சொன்னது: "ஓட்டியிட்டை சொல்லுங்கோ மச்சான், நாலாம் தீடையில இறக்கட்டாம். அங்க இறங்கின ஆக்களை இந்தியன் கோஸ்காட் விடியவே ஏத்திக்கொண்டு வந்திடுவாங்கள்." அவன் இரண்டு மாதமாக அந்தப் பக்கத்தில் இருக்கிறவன். அங்கே தனுஷ்கோடியில் இருந்து எண்ணுவார்கள். அவர்களுடைய நாலாவது அவர்களுடைய கடலில் இருக்கிறது. எங்களுடைய நாலாவது எங்களுடைய கடலில்.

நான் அதைப் பேசாலைக் கோயில் வளவில், அவர்களை ஏற்றிப்போகவிருந்த ஓட்டியிடம் சொன்னேன். வேறு சனம் வரும் என்பதால் அவசரமாகச் சொன்னேன். ஓட்டி புருவத்தைத் தூக்கினான். "நாலோ? அது கிட்டவெல்லோ?" என்று கேட்டான். "நாலுதான். அங்க இருந்து சொன்னது" என்றேன். அவன் பிறகு கேட்கவில்லை. நானும் பிறகு சொல்லவில்லை. அந்தத் தொழிலில் இரண்டாந்தரம் கேட்பது மரியாதை இல்லை. எண்ணுவதையே வேலையாகக் கொண்டவன் நான். எங்கிருந்து எண்ணுவது என்று ஒரு கேள்வி எனக்கு வரவில்லை.

அப்படியானால் இரண்டு இரவும் ஒரு பகலும், இன்றைய காலையும். நிழல் இல்லாத மணல். அவள் இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுபோனதைப் பார்த்தேன்.

வேறு யாராகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். இந்த மாதங்களில் எத்தனையோ பேர் போகிறார்கள். அல்லது உண்மையிலேயே ஒரு பருந்து. ஆனால் பருந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், சுழல் கலைந்துவிடும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே கால். பத்து இருபத்தைந்து. சுழல் கலையவில்லை. நகரவும் இல்லை. நடக்கிற மனிதன் தலைக்கு மேலே அது நகர வேண்டும். முட்டைகளுக்கு நடுவே, கொத்து வாங்கிக்கொண்டு, அசையாமல் கிடக்கிற மனிதன் யார்? எழும்ப முடியாதவன். அல்லது எங்கள் படகைக் கண்டு ஒளிந்தவன்.

இரண்டில் எது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டாவது என்றால் நாங்கள் போனதும் அவள் எழும்புவாள். நான் கரைக்குப் போய் யாரையாவது அனுப்பலாம். யாரை? எண்ணெய்க்காக மூன்று நாள் வரிசையில் நிற்கும் ஓட்டிகளை. இருட்டுவதற்குள் முடியாது. முதலாவது என்றால் நான் இப்படி இருந்து யோசிக்கிற ஒவ்வொரு நிமிடமும்.

"சரி, போவமா?" என்றார் விஜேகோன். யேசுதாசன் நங்கூரக் கயிற்றில் கை வைத்தான்.

அவன் கயிற்றை இழுக்கத் தொடங்கினான். இரண்டு இழுவை. மூன்று.

"அந்தத் தீடையையும் எண்ண வேணும்" என்றேன்.

"பேமிட் மூணாம் தீடைக்கு மட்டும் தானே."

"கொஞ்சக் குருவியள் அங்க மாறியிருக்கு. எண்ணாட்டிக் கணக்குப் பிழைக்கும். அரை மணித்தியாலம் போதும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும், நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதை அவர் அன்று காலையிலிருந்து கேட்டதில்லை. வானொலிக் கருவியை எடுத்துச் சிங்களத்தில் பேசினார். "குருல்லோ" என்ற சொல் இரண்டு தரம் வந்தது. பறவைகள். அந்தப் பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம். பிறகு இரைச்சல். பிறகு ஒரு நீண்ட காத்திருப்பு. கருவி மறுபடி பேசியபோது அவர் தலையாட்டினார்.

"அரை மணி. கூட இல்ல."

படகு திரும்பியது. யேசுதாசன் எஞ்சின் சத்தத்துக்குள் என் பக்கம் குனிந்தான்.

"பருந்து பாக்கவோ அண்ணை போறம்?"

"ஓம்."

"அப்ப தண்ணிக் கலனைக் கொண்டுபோங்கோ. பருந்துக்கும் விடாய்க்கும்."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. காலுக்கடியில் இருந்த ஐந்து லீற்றர்க் கலனை என் பக்கம் தள்ளிவிட்டான்.

இறங்கும்போது விஜேகோன் கலனைப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு ஐந்து லீற்றர் தண்ணீர். அவர் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்தார்.

தடியை எடுக்க மறந்துவிட்டேன். கரையில் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது. திரும்பவில்லை. மணல் பாதத்தைச் சுட்டது. முதல் கொத்து உச்சந்தலையில் விழுந்தது. ஓடக்கூடாது, எண்ணுகிறவன் ஓடுவதில்லை. விஜேகோன் பார்க்கிறார். குனிந்து குனிந்து, இடையில் நின்று, விரலால் எதையோ எண்ணுவதுபோலக் காட்டிக்கொண்டு நடந்தேன். நெற்றியில் இரத்தம் வழிந்து கண்ணுக்குள் வந்தது. சுழலின் அடியை நோக்கி இருநூறு அடி. நூறு.

அடம்பன்கொடி படர்ந்த ஒரு மேடு. அதன் மறுபக்கத்துப் பள்ளத்தில் பறவை எச்சத்தால் வெள்ளையாகிப்போன ஒரு போர்வை. போர்வைக்குள் சுவேதினி கவிழ்ந்து கிடந்தாள், முழங்கையை ஊன்றி, கூரைபோல. அவளுக்குக் கீழே பிள்ளை.

"சுவே."

அவள் தலையைத் திருப்பினாள். உதடு வெடித்து, முகம் கறுத்து, கண் மட்டும் அவளுடையது. என்னைப் பார்த்து அந்த முகம் மலர்ந்தது.

"அண்ணா! நீங்களும் வந்திட்டியளோ?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"எப்ப வந்தனியள்? எந்தப் படகில?" குரல் மணல் உரசுவதுபோல வந்தது. "கீழ குனியுங்கோ, கீழ குனியுங்கோ. சிலோன் நேவியின்ர படகொண்டு எல்லை தாண்டி வந்து நிக்குது. இந்தியாக்காரர் வந்தால் ஓடிடுவாங்கள். அதுவரைக்கும் அசையாமக் கிடவுங்கோ."

நான் குனிந்தேன். கலனைத் திறந்து மூடியில் ஊற்றினேன். றொஷேலின் வாயில் வைத்தேன். தண்ணீர் கடைவாயால் ஒழுகி மணலுக்குள் போனது. விரலை நனைத்து உதட்டில் தடவினேன். மறுபடி தடவினேன். நாக்கு மெல்ல வெளியே வந்து என் விரலைத் தொட்டது. மூன்றாம் மூடியில் ஒரு விழுங்கல். தொண்டை அசைந்ததை நானும் சுவேதினியும் ஒன்றாகப் பார்த்தோம்.

"போன் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. இறங்கேக்க நெஞ்சளவு தண்ணி" என்றாள். "ராத்திரி வெளிச்சம் தெரிஞ்சது அண்ணா. ராமேஸ்வரம். அப்பா அங்கதான் நிக்கிறார் எண்டு பிள்ளைக்குக் காட்டினனான்."

"எந்தப் பக்கம்?"

அவள் கையை நீட்டினாள். கிழக்கே. தலைமன்னார்ப் பக்கம்.

"சுவே, இது இந்தியா இல்லை."

"ஓட்டி சொன்னவன் நாலாம் தீடை எண்டு."

"நாலாம் தீடைதான். எங்கட நாலாவது. அவன் சொன்னது அங்கால இருந்து எண்ணினது. நான் ஓட்டிக்குச் சொல்லேக்க கேக்கேல்லை. பிழை என்ர."

அவள் என்னைப் பார்த்தபடி இருந்தாள். ஆலாக்கள் கத்தின. ஒன்று அவள் முதுகில் கொத்தியது, அவள் உணரவில்லை. பார்வை மெதுவாக என் சப்பாத்தில்லாத காலுக்கும், என் கழுத்தில் தொங்கிய கந்தோர் அட்டைக்கும், கலனுக்கும் போய்த் திரும்பியது.

"அந்தப் படகிலயோ வந்தனியள்?"

"ஓம்."

படகிலிருந்து விசில் சத்தம் வந்தது. நீளமாக, ஒரு தரம். இருபது நிமிடம் போயிருக்கும்.

"அப்ப போங்கோ" என்றாள். குரல் மாறிவிட்டிருந்தது. "தண்ணியை வச்சிட்டுப் போங்கோ. ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ. இரவைக்கு ஓட்டியை அனுப்புங்கோ."

"அவனிட்ட எண்ணெய் இல்லை."

"நாளைக்கு அனுப்புங்கோ."

"பிள்ளை தாங்க மாட்டாள்."

"தாங்குவாள். இவ்வளவும் தாங்கினவள்."

"கடைசியா எப்ப மூத்திரம் பெய்தவள்?"

அவள் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளையின் கண் பாதி திறந்திருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. காலைப் பிடித்துப் பார்த்தேன். தோலைக் கிள்ளி விட்டேன், அது மடிந்தபடியே நின்றது.

"அண்ணா, நான் திரும்பி அங்க வந்து என்ன செய்ய? கோட்டு, வழக்கு எண்டு ஏத்துவாங்கள். பிறகு என்னை ஆர் போக விடுவாங்கள்? இவள் தகப்பனைப் பாக்கிறது எப்ப?" அவள் என் கையைப் பிடித்தாள். "என்னைக் காட்டிக் குடுக்காதேங்கோ."

அந்தச் சொல்லை எங்கள் ஊரில் விளையாட்டுக்கும் சொல்வதில்லை. யுத்த காலத்தில் எங்கள் அப்பாவை ஒரு தரம் மூன்று நாள் வைத்து விசாரித்தபோதும் அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வரவில்லை. அதைத்தான் அவருடைய அடக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். நான் அவருடைய மகன். நாற்பத்திரண்டு வயதுவரை நானும் யாரைப் பற்றியும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

சுற்றிவரக் கூடுகளில் முட்டைகள் வெயிலில் கிடந்தன. தாய்கள் எல்லாம் மேலே, எங்களைத் துரத்திக்கொண்டிருந்தன. துரத்தும்வரை இறங்கி மூட முடியாது. எவ்வளவு மூர்க்கமாய்த் துரத்தினவோ அவ்வளவு நேரம் முட்டைகள் வெந்தன.

இரண்டாம் விசில்.

நான் எழும்பினேன். வலது கையை உயர்த்தினேன். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தாள். ஒன்றரை நாள் வெயிலில் காய்ந்தவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, என்னை முழங்காலில் விழுத்திவிட்டாள். பிறகு மணிக்கட்டில் கடித்தாள். பல் இறங்கி எலும்பில் முட்டியது. நான் கத்தவில்லை. கையை இழுக்கவும் இல்லை. முழங்காலில் நின்றபடி இடது கையை உயர்த்தி, என்னால் முடிந்த அளவு உயரமாய், ஆட்டினேன்.

எஞ்சின் சத்தம் கேட்டதும் அவள் விட்டுவிட்டாள்.

விஜேகோன் தண்ணீருக்குள் குதித்து வந்தார். ஓடி வந்தவர் மணல் விளிம்பில் சட்டென்று நின்றார். முன்னால் முட்டைகள். "நான் வரலாமா?" என்று கத்தினார். என் சட்டத்தை அந்த நேரத்தில் அவர் நினைவு வைத்திருந்தார்.

"வாங்கோ" என்றேன்.

அவர் முட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து வந்தார். முடியவில்லை. ஒவ்வோர் அடியிலும் உடைகிற சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார். வந்ததும் சுவேதினியைப் பார்க்காமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஆலாக்கள் அவர் தொப்பியைக் கொத்தின. அவர் தொப்பியைக் கழற்றிப் பிள்ளையின் தலையில் வைத்தார். வெறும் தலையோடு திரும்பி நடந்தார். பிள்ளை போன பிறகு சுவேதினியும் எழும்பினாள். என் கையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, விழுந்து எழும்பித் தானாகவே படகுவரை நடந்தாள்.

படகில் யேசுதாசன் எஞ்சினைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. விஜேகோன் கரைக்கு அறிவித்தார். அம்புலன்ஸ் என்ற சொல் மட்டும் விளங்கியது. தேநீர் மூடியால் பிள்ளைக்குத் தண்ணீர் பருக்கினார். சீனியும் உப்பும் எங்கிருந்தோ எடுத்துக் கலந்தார். பிள்ளை குடித்ததை ஒரு தரம் சத்தியெடுத்தாள். அவர் துடைத்துவிட்டு மறுபடி பருக்கினார். பிறகு பிள்ளையைத் தாயின் மடியில் கிடத்திவிட்டுக் கொப்பியை எடுத்தார்.

"பேர்?"

சுவேதினி சொன்னாள். ஊரும் சொன்னாள்.

அவர் எழுதினார். பேனை நின்றது. என் மணிக்கட்டைப் பார்த்தார். இரத்தம் முழங்கைவரை வழிந்து காய்ந்திருந்தது. "குருவியா?"

"ஓம்."

"குருவிக்குப் பல் இல்ல தானே" என்றார். பிறகு சுவேதினியின் பக்கம் திரும்பி, "இவரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது ஐயா" என்றாள் உடனே. "குருவி பாக்க வந்தவர் போல."

என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, இனி நான் அவளுக்கு யாருமில்லை என்று சொன்னாளா. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்படி முகத்தை வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விஜேகோன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினால் போதும். என் வேலை இருக்கும். ஓட்டி பிடிபடமாட்டான். அவர் அதை எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார் என்றே நினைக்கிறேன்.

"என்ர தங்கச்சி" என்றேன். "நாலாம் தீடை எண்டு சொல்லி அனுப்பினது நான்."

எஞ்சின் ஒரு தரம் இருமியது. சுவேதினி கண்ணை மூடிக்கொண்டாள். விஜேகோன் பேனையைக் கொப்பியில் வைத்தபடியே இருந்தார். காற்று எழும்பிவிட்டிருந்தது. தாள் படபடத்தது. அவர் அதைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். எழுதவும் இல்லை, மூடவும் இல்லை.

"அண்ணா" என்றாள் சுவேதினி.

நான் நிமிர்ந்தேன். அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடை நனைந்து கறுத்துக்கொண்டு வந்தது. மஞ்சளாய் ஒரு கோடு அவள் காலடியில் இறங்கிப் படகின் அடியால் ஓடி விஜேகோனின் சப்பாத்தைத் தொட்டது. அவர் காலை எடுக்கவில்லை.

"பெய்திட்டாள்" என்றாள்.